கல் உடைக்கும் குளிர்

கிராண்ட் கேன்யனுக்குப் போக நல்ல மாதம் எது என்று யார் கேட்டாலும் நான் ஜனவரி என்றுதான் சொல்கிறேன். கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் பிடிப்பதில்லை. பிள்ளைகளுக்கு விடுமுறை ஜூனில்தான், அரிசோனா என்றாலே வெயில்தான், பனியில் வழுக்கி விழவா அவ்வளவு தூரம் போவது என்பார்கள். இருக்கட்டும். வருஷத்துக்கு ஐம்பது அறுபது லட்சம் பேர் வந்துபோகிற அந்த இடம், கூட்டம் ஓய்ந்து, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதம் அதுதான். வேலை என்று நான் சொல்வது நிஜமான வேலையை. கல் உடைக்கிற வேலையை.

2017 ஜனவரிக் கடைசியில் போனேன். அப்போது ஃபீனிக்ஸை ஒட்டிய சான்ட்லரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடியிருப்பில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாருமே கேன்யனைப் பார்த்தவர்கள். அதிகாலையில் புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்பி, மூன்றரை மணி நேரம் ஓட்டி, மாத்தர் பாயின்டில் படம் எடுத்துக்கொண்டு, ராத்திரிக்குள் வீடு வந்து சேர்ந்துவிடுவார்கள். அப்படிப் பார்ப்பதில் குறை ஒன்றும் இல்லை. என் ஆசை வேறாக இருந்தது. விளிம்பிலேயே தங்கி, விடியலிலும் அந்தியிலும், யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் பார்க்க வேண்டும். கூட வருகிறேன் என்ற தோழியிடம் இந்த ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளும் புரிந்துகொண்டாள்.

ஃபீனிக்ஸிலிருந்து பஸ்ஸில் ஃப்ளாக்ஸ்டாஃப், அங்கிருந்து வில்லியம்ஸ். சின்ன ஊர், பழைய 66ஆம் எண் நெடுஞ்சாலைதான் அதன் கடைத்தெரு. காலை ஒன்பதரைக்கு அங்கிருந்து ரயில் கிளம்புகிறது. 1901 செப்டம்பரில் பயணிகளோடு முதல் ரயில் போன அதே தடம், சுமார் 104 கிலோமீட்டர். கார்கள் பெருகியபின் 1968இல் நின்றுபோன சேவையை 1989இல் மறுபடி தொடங்கினார்கள். முதலில் பைன் காடு, பிறகு மரமே இல்லாத வெள்ளைச் சமவெளி, பிறகு குட்டை குட்டையாக ஜூனிப்பர் மரங்கள். இரண்டேகால் மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தும், பூமியில் அப்படி ஒரு பள்ளம் வரப்போகிறது என்பதற்கு ஓர் அறிகுறிகூடத் தென்படவில்லை. மலை என்றால் தூரத்திலேயே தெரிந்துவிடும். பள்ளம் காலடிக்கு வந்தபிறகுதான் தெரியும்.

அன்றைக்குக் காலடிக்கு வந்தும் தெரியவில்லை. ஸ்டேஷனிலிருந்து படியேறினால் எல் டோவார் ஹோட்டல். 1905இல் மரத்தாலும் கல்லாலும் கட்டியது. அதன் வாசலைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் தாழ்வான ஒரு கல்சுவர், அதுதான் விளிம்பு. சுவருக்கு அப்பால் மேகம் நிரம்பிக் கிடந்தது. பத்தடிக்கு மேல் ஒன்றும் புலப்படவில்லை. ரயிலில் வந்தவர்கள் அந்த வெண்மையையே படம் எடுத்தார்கள். குஜராத்தி பேசிய ஒரு குடும்பத்தில் வயதான அம்மா ஒருவர், சுவரைப் பிடித்தபடி நெடுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றார். மூன்றரை மணி ரயிலில் அவர்கள் திரும்பியாக வேண்டும். மேகம் கலைந்தது நான்கரைக்கு. அந்த அம்மாவை நினைத்தால் இன்றும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. குளிர்காலத்தில் போகிறவர்கள் ஓர் இரவாவது தங்கியே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

கிழக்கே ஓரிடத்தில் வெண்மை மெலிந்து, அதற்குள் சிவப்பு தெரிந்தது. அந்தி வெயில் பட்ட பாறை. கண் தேடிய மட்டத்தில் அது இல்லை. கீழே, ரொம்பக் கீழே இருந்தது. அப்புறம் அதற்கும் கீழே இன்னொன்று. மேகம் ஒரு பக்கம் கிழிந்து இன்னொரு பக்கம் மூட, பள்ளத்தின் ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டியது. கேன்யனின் நீளம் 446 கிலோமீட்டர், அகலம் சில இடங்களில் 29 கிலோமீட்டர், ஆழம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் என்றெல்லாம் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். நேரில் அந்த எண்கள் கைகொடுக்கவில்லை. 1540இல் கார்டெனாஸ் என்ற ஸ்பானியப் படைத்தலைவன், ஹோப்பி பழங்குடி மக்கள் வழிகாட்டத் தன் ஆட்களோடு இந்தத் தெற்கு விளிம்புக்கு வந்தான். கீழே தெரிந்த ஆற்றின் அகலம் ஓர் ஆள் நீளம்தான் இருக்கும் என்று ஸ்பானியர்கள் கணித்தார்கள். இறங்கிப் பார்க்கப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு ஆழம்கூடத் தாண்ட முடியாமல் திரும்பினார்கள். மேலிருந்து ஆள் உயரம் என்று நினைத்த பாறைகள், செவில் நகரத்துக் கோபுரத்தைவிட உயரமாக இருந்தனவாம். ஐந்நூறு வருஷம் ஆகப்போகிறது. மனிதக் கண் அந்த விளிம்பில் இன்றும் அதே கணக்கைத்தான் போடுகிறது.

மறுநாள் காலை வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. எட்டு மணிக்கு முன்பே விளிம்புக்கு வந்துவிட்டேன். குளிர்காலப் பயணத்தின் முதல் பாடம் எனக்கு அங்கேதான் கிடைத்தது. பனி எல்லா இடத்திலும் ஒன்றுபோலப் படிந்திருக்கவில்லை. செங்குத்தான சுவர்களில் நிற்க இடமில்லாமல் உதிர்ந்துவிட்டது. சரிவுகளில் தங்கியிருந்தது. சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் கெட்டியானவை, அவை சுவராக நிற்கும். ஷேல் என்னும் களிப்பாறை மிருதுவானது, கரைந்து கரைந்து சரிவாகிவிடும். ஆக, பனி நின்ற இடமெல்லாம் மிருதுவான கல், நிற்காத இடமெல்லாம் கெட்டிக் கல். சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று எதிர்ச்சுவர் முழுவதும் கிலோமீட்டர் கணக்கில் கோடுகள் ஓடின. கோடையில் எடுத்த படங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் எல்லாம் செம்மஞ்சளாக ஒன்றோடொன்று கலந்துகிடக்கிற அடுக்குகள், அந்தக் காலையில் தனித்தனியாக எண்ணும்படி நின்றன. பாதி ஆழத்துக்குக் கீழே வெள்ளையே இல்லை. விளிம்பில் பூஜ்யத்துக்குக் கீழே போகிற இரவுகளிலும் ஆற்றங்கரையில் அவ்வளவு குளிராது. மேலே பனியாகப் புறப்படுவது கீழே போய்ச் சேரும்போது மழை.

யாவபாய் பாயின்டில் 1928இல் கட்டிய ஒரு சின்ன நிலவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் வாசலில் தொடங்குகிறது காலத்தின் பாதை. விளிம்பை ஒட்டிய நடைபாதையில் மீட்டருக்கு ஓர் உலோக வில்லை பதித்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் வருஷம் பின்னால் போகிறோம். வழியில், கேன்யனின் ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் எடுத்து வந்த கல், அதன் வயதுக்குரிய இடத்தில், தொட்டுப் பார்க்க வசதியாகப் பீடத்தின் மேல். வில்லைகளைப் பனி மூடியிருந்ததால் பூட்ஸால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். 270ஆவது மீட்டரில் கைபாப் சுண்ணாம்புக்கல். நம் காலுக்கடியில் இருக்கிற விளிம்பே அதுதான். ஒரு காலத்துக் கடலடி. சற்றுத் தள்ளி, காற்று குவித்த மணல்மேடுகள் இறுகிக் கல்லான கொக்கோனினோ. 340 பக்கத்தில் ரெட்வால். அது உள்ளே சாம்பல் நிறக் கல். மேலடுக்குகளிலிருந்து மழை இறக்குகிற இரும்புத்துரு அதற்குச் சிவப்புப் பூசியிருக்கிறது. ஐந்நூற்றுச் சொச்சத்தில் டாப்பீட்ஸ் மணற்கல். அதற்குப் பிறகுதான் நான் எதிர்பார்த்திருந்த நடை. கேன்யனின் பல இடங்களில் டாப்பீட்ஸுக்கு நேர் கீழே இருப்பது விஷ்ணு ஷிஸ்ட் என்னும் பாறை. இரண்டுக்கும் நடுவே நூறு கோடி வருஷத்துக்கும் மேல் இடைவெளி. அந்தக் காலத்தில் படிந்தவை எல்லாம் அங்கே அரித்துப் போய்விட்டன. ஆற்றோரத்தில் நின்றால் அந்த இடத்தை ஒரு கையால் மூடிவிடலாம். மேலே நான் அதை ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்து கடந்தேன்.

விஷ்ணு ஷிஸ்ட்டின் பீடம் வந்ததும் கையுறையைக் கழற்றினேன். கருத்த கல். உடைந்த முகத்தில் மைக்கா மினுங்கியது. ஓரத்தில் இளஞ்சிவப்பு கிரானைட் நரம்பு ஒன்று ஓடியது. 170 கோடி வருஷத்துக்கும் முந்தியது. அந்தக் கருப்பு எனக்குப் புதிதல்ல. நான் பிறந்து வளர்ந்தது பல்லாவரத்தில். திரிசூலம் மலையைச் சுற்றிலும் அன்று கல்குவாரிகள். மத்தியானத்தில் வெடிச் சத்தம், தெருவெல்லாம் ஜல்லி லாரி, குவாரி கைவிட்ட பள்ளங்களில் பச்சைத் தண்ணீர். அந்தக் கருங்கல்லின் பெயர் சார்னோக்கைட் என்று கல்லூரிக்குப் போனபிறகுதான் தெரிந்தது. பரங்கிமலையில் அதற்குத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். வயது சுமார் 250 கோடி வருஷம். விஷ்ணு ஷிஸ்ட் இருந்த இடத்திலிருந்து பார்த்தால், பல்லாவரம் இன்னும் எழுநூறு எண்ணூறு மீட்டர் மேற்கே, நான் தங்கியிருந்த விடுதிப் பக்கம் எங்கோ வரும். அடுத்த இரண்டு நாளும் அந்த வழியே போகும்போதெல்லாம் இதை நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு ஒரு லோடு மூவாயிரமோ நாலாயிரமோ என்று பேரம் பேசி இறக்கிய ஜல்லி, இந்த மகா பள்ளத்தின் அடிக்கல்லுக்கும் மூத்தது.

விஷ்ணுவின் பெயர் இங்கே வந்ததற்குக் கிளாரன்ஸ் டட்டன் காரணம். 1880களில் இங்கே ஆய்வு செய்த நிலவியலாளர். பள்ளத்துக்குள் தனித்து நிற்கும் குன்றுகளைக் கோயில்களாகக் கண்டு, உலகத்துச் சமயங்களிலிருந்தெல்லாம் பெயர் எடுத்து வைத்தார். பின்னால் வந்தவர்களும் அதே வழியில் போனார்கள். யாவபாயின் பெரிய கண்ணாடி ஜன்னல் வழியே பார்த்தால் எதிரே பிரம்மா கோயிலும் ஜொராஸ்டர் கோயிலும் பக்கத்தில் பக்கத்தில். கிழக்கே தள்ளி விஷ்ணு கோயில், அன்று உச்சி மட்டும் வெளுத்திருந்தது. மேற்கே சிவன் கோயில், தட்டையான தலையில் காடே வளர்ந்திருக்கும் பெரிய குன்று. 1937இல் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து ஹெரால்ட் அந்தோனி தலைமையில் ஒரு குழு அதன்மேல் ஏறியது. வெளியுலகத் தொடர்பில்லாமல் ஆயிரமாயிரம் வருஷம் கிடந்த இடம் ஆயிற்றே, விலங்குகள் வேறு இனமாகவே மாறியிருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு காலி கோடாக் ஃபிலிம் பெட்டி. உள்ளூர்ப் புகைப்படக்காரர் எமரி கோல்ப் அவர்களுக்கு முன்பே ஏறி இறங்கியிருந்தார்.

அந்த கோல்பின் ஸ்டுடியோ இன்றும் பிரைட் ஏஞ்சல் பாதையின் தலைமாட்டில், விளிம்பைக் கவ்விக்கொண்டு நிற்கிறது. எமரியும் அண்ணன் எல்ஸ்வொர்த்தும் காலையில் கோவேறு கழுதைகளில் இறங்குகிற பயணிகளைப் படம் எடுப்பார்கள். விளிம்பில் அப்போது நல்ல தண்ணீர் கிடையாது. ஆகவே கண்ணாடித் தகடுகளோடு பாதையில் ஏழு கிலோமீட்டர் ஓடி இறங்கி, கீழே ஊற்று இருக்கும் இடத்தில் கழுவி அச்செடுத்து, பயணிகள் திரும்புவதற்குள் மேலே ஓடி வந்துவிடுவார்கள். 1911 செப்டம்பரில் கிளம்பி மறு ஜனவரி வரை, குளிர்காலத்தின் நடுவே, இருவரும் ஆற்றில் படகு விட்டு அதைச் சினிமாப் படமும் எடுத்தார்கள். 1976இல் சாகும்வரை எமரி அந்தப் படத்தை வந்தவர்களுக்குப் போட்டுக் காட்டினார். அந்த ஓட்டத்தை நினைத்துக்கொண்டுதான் நான் பாதையில் கால் வைத்தேன்.

மேல்வளைவுகள் முழுக்கப் பனிக்கட்டி. குளிர்காலச் சூரியன் அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை. பூட்ஸின்மேல் இரும்பு முள் வைத்த ரப்பர் பட்டை மாட்டிக்கொள்ளாமல் இறங்கக் கூடாது. விளிம்பில் உள்ள கடையிலேயே கிடைக்கிறது. முதல் வளைவுகளைத் தாண்டும்போது கீழிருந்து மணிச் சத்தம். கோவேறு கழுதைகள். கீழே சாமான் இறக்கிவிட்டுத் திரும்புகிறவை. மலைப்பக்கச் சுவரோடு ஒட்டி அசையாமல் நிற்க வேண்டும் என்பது விதி. ஒட்டி நின்றேன். மூக்கிலிருந்து ஆவி புறப்பட, லாடம் பனியில் கடிக்கிற சத்தத்தோடு என் தோளை உரசுகிற நெருக்கத்தில் ஒவ்வொன்றாக ஏறிப் போயின. கடைசியில் வந்த ஓட்டுநர் அம்மா தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

இந்தப் பாதை ஹவசுபாய் பழங்குடி மக்கள் நடந்து உண்டானது. கோல்ப் சகோதரர்கள் ஓடிப் போய்த் தண்ணீர் பிடித்த அந்த ஊற்றங்கரையில் அவர்கள் தோட்டம் போட்டுப் பிழைத்தார்கள். 1882இல் அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலம் வெறும் 518 ஏக்கர். தேசியப் பூங்கா வந்தபின் 1920களில் ஊற்றங்கரையிலிருந்தும் கிளப்பிவிட்டார்கள். 1975இல்தான் 1,85,000 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. நான் போனபோது அந்த இடத்துக்கு இந்தியன் கார்டன் என்று பெயர். 2022இல் ஹவசுபாய் கார்டன்ஸ் என்று மாற்றியிருக்கிறார்கள். அழகான இடத்தைப் பாதுகாக்கிறேன் என்று சொல்லி, அங்கே வாழ்ந்தவர்களை வெளியே தள்ளுவது உலகம் முழுக்க நடந்திருக்கிறது. அந்தப் பாதையில் சந்தோஷமாக இறங்கும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது குகைவழிக்குக் கீழே பனி மெலிந்து சிவப்புச் சேறு தொடங்கியது. வெயில் படுகிற ஒரு வளைவில் தண்ணீர் குடிக்க நின்றபோது பக்கத்துப் பாறையைக் கவனித்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு சில்லு, சுவரிலிருந்து விரல் கனத்துக்கு விலகி நின்றது. இடையில் பனிக்கட்டி. கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது, உள்ளே சின்னச் சின்னக் காற்றுக்குமிழிகள். சில்லைத் தொட்டுப் பார்த்தேன், அசையவில்லை. விலக்கியதும் பனிதான், விழாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் பனிதான். 1.5 மைல் ஓய்விடம் வரைக்கும் போய், கொண்டுபோன சப்பாத்தியைத் தின்றுவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தேன். அதே வளைவு. சில்லு பாதையில் கிடந்தது. அது இருந்த இடத்தில் ஈரத் தழும்பு மட்டும். அப்போது எதிர்ச்சுவரில் எங்கோ உயரத்திலிருந்து கற்கள் உருண்டன. சத்தம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அது பள்ளத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று ராத்திரி அறையிலிருந்து வீட்டுக்குப் பேசினேன். ஊரில் காலை ஒன்பது மணி. அப்பா குவாரி லாரிகளுக்குக் கணக்கு எழுதினவர். எடுத்ததும் கேட்டது கல்லைப் பற்றித்தான்.

"என்ன கல்லு பாப்பா அங்க?"

"மேல சுண்ணாம்புக்கல்லுப்பா. அதுக்குக் கீழ மணக்கல்லு, செவப்புக் கல்லு. அடியில நம்ம ஊருக் கருங்கல்லாட்டம் ஒண்ணு."

"எவ்ளோ ஆழம்?"

"அஞ்சாயிரம் அடி இருக்கும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நம்ம குவாரில நூறடி எறங்கறதுக்கு எத்தனை வெடி, எத்தனை ஆளு. யாரு தோண்டுனது?"

சில்லைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அதில் ஆச்சரியம் இல்லை. "வெடி வர்றதுக்கு முன்னாடி நம்மாளுங்க எப்படி உடைச்சாங்க? மகாபலிபுரத்துல காட்டினேனே, பாறையில வரிசையா குழி குழியா? அதுல மர ஆப்பை எறக்கித் தண்ணி ஊத்துவாங்க. மரம் ஊறி உப்புனா பாறை ரெண்டாப் பொளந்துரும். அங்க தண்ணியே ஆப்பு. அவ்ளோதான்."

அவ்வளவுதான். உறையும்போது தண்ணீர் ஒன்பது சதவிகிதம் பருக்கிறது. பகலில் உருகி விரிசலுக்குள் இறங்கி, ராத்திரி உறைந்து நெம்பும். மறுநாள் இன்னும் கொஞ்சம் உள்ளே. கொலராடோ ஆறு ஐம்பது அறுபது லட்சம் வருஷமாகக் கீழே அறுத்துக்கொண்டு போகிறது. ஆனால் ஆறு மட்டும் அறுத்திருந்தால் ஆற்றின் அகலத்துக்கு ஒரு சந்துதான் மிஞ்சியிருக்கும். பதினாறு கிலோமீட்டர் அகலத்தைத் திறந்தது பக்கத்து ஓடைகளும் மழையும் இந்தப் பனி ஆப்பும். பீடபூமி தெற்கு நோக்கிச் சாய்ந்திருப்பதால், வடக்கு விளிம்பில் விழுகிற பனியும் மழையும் பள்ளத்துக்குள் வடிகின்றன. தெற்கில் விழுவது பள்ளத்தை விட்டு விலகி ஓடுகிறது. அதனால் வடபக்கம் அதிகமாக அரித்துப் பின்வாங்கிவிட்டது. ஆறு தெற்கு விளிம்பை ஒட்டி ஓடுவதுபோலத் தெரிவது இதனால்தான். கிராண்ட் கேன்யன் செதுக்கி முடித்து வைத்த பொருள் என்ற எண்ணத்தோடு போனவள் நான். கல் உதிர்கிற சத்தத்தைக் கேட்டபின் அந்த எண்ணம் போய்விட்டது.

கிளம்புவதற்கு முன் மேற்கே ஹெர்மிட் சாலையில் நடந்தேன். பவல் பாயின்டில் ஜான் வெஸ்லி பவலுக்கு ஒரு நினைவு மேடை. சண்டையில் வலது கையை இழந்தவர். 1869இல் நான்கு படகுகளில், தன்னையும் சேர்த்துப் பத்துப் பேராகக் கிளம்பி, இந்த ஆற்றை முதன்முதலில் அளந்துகொண்டு போனவர். வெளியே வந்து சேர்ந்தது ஆறு பேர். அந்த மேடைக்குக் கொஞ்சம் முன்னால் வேலி போட்ட ஓர் இடம் வரும். ஆர்ஃபன் சுரங்கம். செம்புக்காக 1893இல் உரிமை கோரிய இடத்தில், 1950களில் தொடங்கி 1969 வரை யுரேனியம் வெட்டினார்கள். தேசியப் பூங்காவுக்குள், விளிம்பின்மேல். கதிர்வீச்சுக்காக வேலி இன்னும் நிற்கிறது. 2023இல் கேன்யனைச் சுற்றியுள்ள, பழங்குடிகளின் பூர்வீக நிலங்களைத் தேசிய நினைவிடமாக அறிவித்துப் புதுச் சுரங்க உரிமைகளைத் தடுத்தார்கள். ஆனால் பழைய உரிமையை வைத்துக்கொண்டு, பூங்காவுக்குத் தெற்கே ஒரு சுரங்கம் அதே வருஷக் கடைசியில் யுரேனியம் எடுக்கத் தொடங்கியது. தங்கள் ஊற்றுகளுக்கு வருகிற நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று ஹவசுபாய் மக்கள் வருஷக்கணக்காகப் போராடுகிறார்கள். பாறைக்குள் தண்ணீர் எந்த விரிசல் வழியாக எங்கே போகும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. அந்த நிலத்தைப் பார்த்தவர்கள் யாரும் இந்த விஷயத்தில் அவர்கள் பக்கம்தான் நிற்க முடியும்.

நான் அங்கே குடித்த தண்ணீரும் ஓர் ஊற்றிலிருந்து வந்ததுதான். வடக்கு விளிம்பின் பனி உருகி, சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, ரோரிங் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் சுவரைப் பிய்த்துக்கொண்டு கொட்டுகிறது. 1960களில் போட்ட குழாய் அதைப் பள்ளத்துக்குக் குறுக்கே, ஆற்றைத் தாண்டித் தெற்கே கொண்டுவருகிறது. அடிக்கடி உடைகிற குழாய். உடைந்தால் விடுதிகளுக்குத் தண்ணீர் கிடையாது. குளிர்காலத்தில் வடக்கு விளிம்புக்குச் சாலை மூடிவிடும். எதிரே கருப்பாக ஒரு காட்டுக்கோடு, அவ்வளவுதான் தெரியும். நேராகப் பார்த்தால் பதினாறு கிலோமீட்டர். சாலை வழியே போனால் முந்நூற்று நாற்பதுக்கும் மேல். இந்தப் பக்கத்து அணிலும் அந்தப் பக்கத்து அணிலும் நெடுங்காலம் பிரிந்து வெவ்வேறாகிவிட்டன. அங்கே இருப்பதன் வால் வெள்ளை. ஒரு கோடையில் அந்தக் கரைக்கும் போய், அங்கிருந்த பழைய கல்விடுதியின் திண்ணையில் உட்கார்ந்து, நான் நின்ற இடத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்திருந்தேன்.

2025 ஜூலையில் மின்னல் மூட்டிய டிராகன் பிராவோ காட்டுத்தீயில் அந்த விடுதி எரிந்துபோனது. 1928இல் கட்டி, 1932இல் தீக்கிரையாகி, 1937இல் பழைய கற்களின்மேல் மறுபடி எழுப்பிய கட்டடம். செய்தியைச் சென்னையில் காலைக் காப்பியோடு படித்தேன். படத்தில் சுவர்களும் புகைபோக்கியும் மட்டும் நின்றன. போகாத இடத்துக்காக அப்படி அழுகை வரும் என்று நான் நினைத்ததில்லை. அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். சுவர்க் கல்லைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கல்லு நல்லாத்தான் இருக்கு, மறுபடி கட்டலாம்" என்றார்.

கட்டட்டும். அதுவரை பள்ளத்தின் அடியில் இருக்கும் ஆற்றங்கரை விடுதியான ஃபான்டம் ராஞ்சுக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். அங்கே இடம் குலுக்கல் முறையில்தான் கிடைக்கும், பதினைந்து மாதம் முன்பே பெயர் கொடுக்க வேண்டும். எந்த மாதம் என்ற இடத்தில் ஜனவரி என்றே நிரப்பி வைத்திருக்கிறேன். போட்டி குறைவு என்பதும் ஒரு காரணம்.